சம்பளம், கிம்பளம், ஊழல்

அக்கா வீட்டுப் புதுமனை புகுவிழா முடிந்து நாலாம் நாள், அவள் மகன் போன் செய்தான். "மாமா, மெமரி கார்டு கரப்ட் ஆயிருச்சு. ஒரு போட்டோகூட ஓப்பன் ஆகல." பக்கத்தில் நின்ற அக்கா போனைப் பிடுங்கி, "எல்லாம் கெட்டுப்போச்சுடா தம்பி" என்று அழாக்குறையாகச் சொன்னாள்.

மொழிபெயர்த்துப் பிழைக்கிறவனுக்கு எந்தத் துக்கத்திலும் காது சொல்லின் மேல்தான் போகும். அந்தக் கார்டு யாரிடமும் காசு வாங்கவில்லை, கையெழுத்துப் போட இழுத்தடிக்கவும் இல்லை. ஆனாலும் அது கரப்ட். கரப்ஷன் என்று ஒரு ஆங்கிலக் கட்டுரையில் வந்தால் கை தானாக 'ஊழல்' என்று தட்டச்சு செய்துவிடும். அக்காவோ அதே சொல்லை 'கெட்டுப்போச்சு' என்று மொழிபெயர்த்தாள். சொல்லின் வயதை வைத்துப் பார்த்தால் அவள் சொன்னதுதான் மூத்த பொருள்.

லத்தீனில் 'ரும்பெரே' என்றால் உடைப்பது. வயிற்றுக்குள் ஏதாவது வெடித்துவிட்டால் டாக்டர் சொல்லும் 'ரப்ச்சர்', எரிமலையின் 'எரப்ஷன்', பேச்சில் குறுக்கிடும் 'இன்டரப்ஷன்' எல்லாம் இதன் பிள்ளைகள். கடன்காரன் திவாலாகும் 'பேங்க்ரப்ட்'கூட, உடைந்த பலகை என்ற இத்தாலியச் சொல்லிலிருந்து வந்து இதே குடும்பத்தில் சேர்ந்ததுதான். முன்னால் ஒரு அழுத்தம் சேர்த்து 'கொர்ரும்பெரே' என்றால் ஒன்றாக இருந்ததை அடியோடு சிதைப்பது. தானியம் புழுத்துப்போவது, பத்திரத்தைத் திருத்துவது, பெண்ணைக் கெடுப்பது, நீதிபதியைக் காசால் வளைப்பது எல்லாவற்றுக்கும் ரோமானியர்களிடம் இந்த ஒரே வினை இருந்தது.

கிரேக்கத்திலும் கிட்டத்தட்ட இதே கதை. அரிஸ்டாட்டில் தோற்றத்தையும் அழிவையும் பற்றி எழுதிய நூலின் தலைப்பில் 'ஃப்தோரா' என்று ஒரு சொல் வரும். லத்தீனில் அதை 'கொர்ருப்தியோ' என்றார்கள். விதை முளைப்பதும் பழம் அழுகுவதும் அங்கே பேச்சு, பணமில்லை. கி.மு. 399-இல் சாக்ரடீஸ் மேல் சாட்டிய குற்றங்களில் ஒன்று இளைஞர்களைக் கெடுத்தார் என்பது. அந்தக் 'கெடுத்தல்' ஃப்தோராவின் உறவுக்காரச் சொல். இதைத் தமிழில் சொல்லப் பெருமுயற்சி எதுவும் தேவையில்லை. பால் கெட்டது, பையன் கெட்டான், ஊர் கெட்டுக் கிடக்கிறது என்று ஒரே வினையில் நாமும் சொல்கிறோம். "கெடுப்பார் இலானும் கெடும்" என்று இடித்துச் சொல்ல ஆளில்லாத மன்னனைப் பற்றிக் குறள் சொல்லும்போதும் அதே வினைதான். அங்கே யாரும் வந்து உடைக்கவில்லை, தானே கெடுகிறது.

ஆங்கிலத்தில் இந்தப் பழைய பொருள் இன்னும் சாகவில்லை. பிரதி எடுத்தவர் கைபட்டுச் சிதைந்த ஏட்டுப்பாடம் அவர்களுக்குக் கரப்ட். ராஜதுரோகம் செய்தவனின் பிள்ளைகள் சொத்துரிமை இழப்பதை இங்கிலாந்தின் பழைய சட்டம் 'ரத்தத்தின் கரப்ஷன்' என்றது. 1787-இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டத்தில் அதே சொற்றொடர் அப்படியே இருக்கிறது, அந்தத் தண்டனை வாரிசுகளைத் தொடரக்கூடாது என்பதற்காக. மூலத்திலிருந்து திரிந்த சொல்லும் அவர்களுக்குக் கரப்ஷன். நம் ஊர்ப்பெயர்களைத் தங்கள் வாய்க்கு ஏற்றபடி நொறுக்கியவர்கள் அதற்கு இப்படி ஒரு பெயர் வைத்திருந்தது பொருத்தம்தான். தமிழ் இலக்கணமோ தஞ்சாவூர் தஞ்சை ஆனதைக் கெட்டது என்று சொல்லவில்லை. மருவியது, மரூஉ என்று தட்டிக்கொடுத்து விட்டுவிட்டது.

தமிழில் இந்த இரண்டு பொருளையும் பிரித்துப் பார்க்க நல்ல இடம் பழைய தமிழ் விவிலியம். 1611-இன் ஆங்கில மொழிபெயர்ப்பில், இறந்தவர் உயிர்த்தெழுவதைச் சொல்லும் இடத்தில் உடல் 'கரப்ஷனில்' விதைக்கப்படுகிறது என்று வரும். தமிழில் "அழிவுள்ளதாய் விதைக்கப்படும், அழிவில்லாததாய் எழுந்திருக்கும்" என்றார்கள். நீதிபதி காசு வாங்கும் இடம் வந்ததும் சொல் மாறுகிறது: "பரிதானம் வாங்காதிருப்பாயாக; பரிதானம் பார்வையுள்ளவர்களைக் குருடாக்கி, நீதிமான்களின் வார்த்தைகளைப் புரட்டும்." பரிதானம் என்பது இப்போது பிரசங்க மேடையைத் தாண்டி வருவதில்லை. ஆனால் வாங்குகிறவனுக்கு என்ன ஆகும் என்பதை 'குருடாக்கி', 'புரட்டும்' என்ற இரண்டு வினைகளில் அந்த வசனம் காட்டிவிடுகிறது.

இனி ஊழலுக்கு வருவோம். அடிச்சொல் ஊழ். பழந்தமிழில் ஊழ்த்தல் என்றால் முதிர்தல். முதிர்ந்து மலர்தல், முதிர்ந்து உதிர்தல், முதிர்ச்சி எல்லை மீறிப் பதனழிதல், எல்லாம் அதற்குள்ளேயே உண்டு. சொல்வன்மை அதிகாரத்தின் கடைசிக் குறளில் "இணரூழ்த்தும் நாறா மலர்" என்று வருகிறதே, கொத்தாகப் பூத்தும் மணக்காத பூ, அங்கே ஊழ்த்தல் என்பது பூத்தல். விதியைக் குறிக்கும் ஊழும் வினை முற்றி விளைந்து வருவதுதான். ஆக, மரத்தில் பழுப்பதும் மண்ணில் அழுகுவதும் ஒரே சொல்லின் இரண்டு முனைகள். ஊழல் அந்த அழுகின முனையில் நிற்கிறது. லத்தீன்காரன் உடைப்பதிலிருந்து தொடங்கினான், தமிழன் பழுப்பதிலிருந்து. உடைக்க ஒரு ஆள் வேண்டும். பழுத்து அழுகுவதற்கு நாள் போனால் போதும். பதவியில் நீண்ட நாள் உட்கார்ந்தவர்களைப் பார்க்கும்போது தமிழின் கணிப்பே சரி என்று எனக்குத் தோன்றும். (அகராதியில் ஊழலுக்குச் சில வரிகள் தள்ளி ஊழியர் வருவது அகரவரிசையின் குறும்பு. அதற்கு மேல் அதில் எதையும் தேட வேண்டாம்.)

ஆனால் தெருவில் ஊழல் அவ்வளவாகப் புழங்குவதில்லை. அது மேடைச் சொல், தலைப்புச் செய்திச் சொல். தெருவில் இருப்பது லஞ்சம்.

லஞ்சம் வடக்கிலிருந்து வந்தது. சமஸ்கிருதத்தில் லஞ்சா, பாலியில் லஞ்ச, மராத்தியில் லாச், கன்னடத்தில் லஞ்ச, தெலுங்கில் லஞ்சம். தமிழில் ல முதலில் வராது என்பதால் முன்னால் ஒரு இகரம் போட்டு இலஞ்சம் என்று எழுதினார்கள். நாம் அந்த இகரத்தை உதறிவிட்டோம், இலங்கைத் தமிழில் அது பத்திரமாக இருக்கிறது. அங்கே 1954-இலேயே இலஞ்சச் சட்டம் என்று தனிச் சட்டம் வந்துவிட்டது.

தனித்தமிழ் விரும்புகிறவர்கள் கையூட்டு என்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல். கைக்குச் சோறு ஊட்டுவது! வாய் இருக்க வேண்டிய இடத்தில் கை இருக்கிறது, அதற்குப் பசிக்கிறது. ஆங்கிலத்தின் 'ப்ரைப்' எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் அங்கேயும் தீனிதான் கிடைக்கிறது. பழைய பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குப் பிச்சைக்காரனுக்குப் போடும் ரொட்டித் துண்டு என்று பொருள். இந்த இடத்தில் கொடுங்கோன்மை அதிகாரத்துக் குறள் ஒன்று நினைவுக்கு வராமல் போகாது: "வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும் கோலொடு நின்றான் இரவு." இரவு என்றால் இரப்பது, பிச்சை கேட்பது. செங்கோலைப் பிடித்துக்கொண்டு பிச்சை கேட்பதும், வழியில் வேலோடு நின்று 'எடு' என்பதும் ஒன்று. மன்னன் குடிகளிடம் கேட்பதைச் சொன்ன குறள், ரப்பர் ஸ்டாம்பு வைத்திருப்பவருக்கும் அளவெடுத்த சட்டைபோல் பொருந்துகிறது. கேட்கிறவர் கெஞ்சினாலும் சிரித்தாலும், கையில் கோல் இருக்கும்வரை அது பிச்சை ஆகாது.

மாமூல் அரபியிலிருந்து வந்தது. ஐன், மீம், லாம் என்ற மூன்று மெய்களில் பிறந்த 'அமல்' என்றால் செய்தல், செயல். அதிலிருந்து 'மஅமூல்', வழக்கமாகச் செய்யப்படுவது. நவாபு காலத்து வருவாய்த் துறையோடு தாசில், ஜமாபந்தி, வசூல், பாக்கி, ரசீது என்று ஒரு பட்டாளமே தமிழுக்குள் வந்தபோது இந்த இரண்டும் சேர்ந்து வந்தன. இன்று ஒன்று 'சட்டம் அமலுக்கு வந்தது' என்ற வாக்கியத்தில் இருக்கிறது, மற்றொன்று அந்தச் சட்டம் அமலாகாமல் இருப்பதற்காகத் தள்ளுவண்டிக்காரர் வாரா வாரம் கொடுப்பது. ஒரே வேரில் பிறந்த அண்ணன் தம்பிகள். மாமூல் என்ற சொல்லில் துளிகூடக் குற்றவாசம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 'மாமூலா வர்ற பஸ்', 'மாமூல் வாழ்க்கை' என்று எந்த உறுத்தலும் இல்லாமல் சொல்கிறோம். வழக்கமாகிவிட்ட ஒன்றுக்கு வழக்கம் என்றே பெயர் வைத்தாயிற்று.

அந்த நவாபு ஆட்சிதான், ஆங்கிலேயர்கள் கரப்ஷன் என்று கூச்சலிட்ட பெரிய வழக்குகளில் ஒன்றுக்குக் களம். ஆற்காடு நவாபு முகம்மது அலி வாலாஜா, 1768-இல் சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டியவர், கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர்களிடம் தனிப்பட்ட முறையில் கடனுக்கு மேல் கடன் வாங்கினார். வட்டிக்குக் கொடுத்தவர்களில் தலையாயவர் பால் பென்ஃபீல்ட். தஞ்சாவூர் விளைச்சலே தன் கடனுக்கு ஈடு என்றார் அவர். நவாபின் பிடியிலிருந்த தஞ்சையை அதன் மன்னரிடம் திருப்பிக் கொடுத்த சென்னைக் கவர்னர் பிகாட்டை, 1776 ஆகஸ்டில் அவருடைய சொந்தக் கவுன்சில் உறுப்பினர்களே கைது செய்தார்கள். அடுத்த ஆண்டு காவலிலேயே இறந்தார். 1785-இல் எட்மண்ட் பர்க் லண்டன் பாராளுமன்றத்தில் இந்தக் கடன்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசினார், கர்நாடகத்து (நவாபின் நாட்டுக்கு அன்றைய பெயர் அது) ஏரி குளங்கள் வரைக்கும் அந்தப் பேச்சில் வந்தன. பழைய பொருளில் ஒரு நாடே அழுகுவதும், புதிய பொருளில் அதிகாரி காசு பார்ப்பதும் ஒரே பேச்சில் கைகோத்துக்கொண்டன. அதற்கு முன்பே, 1773-இன் ஒழுங்குமுறைச் சட்டம் கம்பெனி அதிகாரிகள் அன்பளிப்பு வாங்கத் தடை போட்டிருந்தது. சட்டத்தின் சொல் 'பிரசன்ட்ஸ்'. நாமும் இன்றைக்கு அன்பளிப்பு என்றே சொல்கிறோம், உறையைக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டு.

இந்த வரிசையில் தமிழ் தானாகச் செய்துகொண்ட சொல் ஒன்று உண்டு. கிம்பளம். புலி கிலி, பணம் கிணம், மாடு கீடு என்று எந்தச் சொல்லுக்கும் முதல் எழுத்தை கி, கீ ஆக்கி ஒரு நிழல் போடுவது நம் வழக்கம். அந்த நிழலுக்குத் தனியாகப் பொருள் கிடையாது, அது போன்ற மற்றவை என்பதோடு சரி. கிணம் என்று தனியாக யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள். ஆனால் சம்பளத்தின் நிழல் மட்டும் எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டது. 'சம்பளம் எவ்வளவு, கிம்பளம் எவ்வளவு' என்று பெண் பார்க்க வந்த இடத்தில் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். இரண்டுக்கும் தனித்தனியாகத் தொகையும் சொல்லப்படுகிறது.

1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் லஞ்சத்துக்கு 161-ஆம் பிரிவு. அதன் வாசகத்தைத் தமிழாக்கினால் 'சட்டப்படியான ஊதியம் அல்லாத மனநிறைவு' என்று வரும். வாக்கியத்தை இரண்டாக உடைத்துப் பாருங்கள்: சட்டப்படியான ஊதியம் சம்பளம், அது அல்லாதது கிம்பளம். சட்ட மேதைகள் நாலு சொல்லில் சொன்னதை நம்மவர்கள் ஒரு எழுத்தை மாற்றிச் சொல்லிவிட்டார்கள். மனநிறைவு என்பதற்கும் நம்மிடம் ஆள் உண்டு. 'சந்தோஷமா ஏதாவது குடுங்க' என்று கேட்கிறார்களே, அந்தச் சந்தோஷம். 1988-இல் இந்தப் பிரிவு ஊழல் தடுப்புச் சட்டத்துக்குள் போனது. 2018 திருத்தத்தில் குற்றத்தைச் சொல்லும் பிரிவிலிருந்து 'மனநிறைவு' போய் 'முறையற்ற ஆதாயம்' வந்தது. சட்டம் தெளிவானது, சந்தோஷம் போய்விட்டது.

லஞ்சமும் ஊழலும் ஒன்றா என்று கேட்டால், சட்டம் என்ன சொன்னாலும், பேசுகிறவர்கள் கறாராகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பட்டா மாற்ற மூவாயிரம் வாங்கினால் லஞ்சம். டெண்டரில் முந்நூறு கோடி போனால் ஊழல். தமிழ்நாட்டில் 1964-இல் அமைந்த துறையின் பெயர்ப்பலகையில் ஊழல் தடுப்பு, கண்காணிப்பு என்று இருக்கும். செய்தித்தாளிலோ டீக்கடையிலோ அது லஞ்ச ஒழிப்புத் துறைதான். பொறிவைத்துப் பிடிபடுவது பெரும்பாலும் மூவாயிரம், ஐயாயிரம் என்பதால் மக்கள் வைத்த பெயரே நிலைத்திருக்கலாம்.

அந்தப் பொறி எப்படி என்று பார்த்தால் கையூட்டு என்ற சொல் இன்னும் விளங்கும். புகார் கொடுத்தவர் கொண்டுவரும் நோட்டுகளின் எண்களைக் குறித்துக்கொள்வார்கள். நோட்டின் மேல் ஃபினாஃப்தலின் என்ற வெள்ளைப் பொடியைத் தடவுவார்கள். பொடி கண்ணுக்குத் தெரியாது. அதிகாரி நோட்டை வாங்கி எண்ணி, மேசை இழுப்பறையிலோ சட்டைப் பையிலோ வைப்பார். சைகை கிடைத்ததும் உள்ளே வருகிறவர்கள் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றிச் சோடியம் கார்பனேட் கரைப்பார்கள். தெளிந்த தண்ணீர். விரல்களை அதில் முக்கச் சொல்வார்கள். தண்ணீர் ரோஜா நிறமாகும். வலக்கைக்கு ஒரு டம்ளர், இடக்கைக்கு ஒன்று. சட்டைப் பையையும் வெளியே இழுத்துக் கழுவுவார்கள், அதுவும் சிவக்கும். அந்தத் தண்ணீரைச் சீசாவில் ஊற்றி அரக்கு முத்திரை வைத்து, சாட்சிகளின் கையெழுத்தோடு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். 'கையும் களவுமாகப் பிடிபட்டார்' என்று மறுநாள் செய்தி வரும். கை நீட்டினான், கை நனைத்தான், கை சுத்தமானவர் என்று இந்த விஷயத்தில் நம் பேச்சு முழுக்கக் கையிலேயே இருப்பதை அந்த வேதியியல் மெய்யாக்கிவிடுகிறது.

பக்கத்து மொழிகளைக் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிடலாம். மலையாளத்தில் லஞ்சத்துக்குக் கைக்கூலி. நமக்குக் கைக்கூலி என்றால் எதிராளிக்கு விலைபோனவன், அரசியல் மேடையில் வீசும் வசவு. தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் அது வரதட்சணை. ஊழலுக்கு மலையாளிகள் அழிமதி என்பார்கள், விவிலியத்தின் 'அழிவு'க்கு நெருங்கிய சொந்தம். இந்தியின் பிரஷ்டாசாரத்துக்கு வழுவிய ஒழுக்கம் என்று பொருள். அந்தப் பிரஷ்டம் தமிழுக்கும் வந்தது, ஆனால் நாம் அதைச் சாதிப் பிரஷ்டத்துக்கு மட்டும் ஒதுக்கிவிட்டோம்; தள்ளிவைக்கப்பட்டவனுக்குத்தான் அந்தச் சொல், கஜானாவைக் காலி செய்தவனுக்கு இல்லை. சிங்களத்தில் ஊழல் தூஷணய. யாழ்ப்பாணத்தில் தூசணம் என்றால் காது கூசும் கெட்ட வார்த்தை.

இத்தனை சொல் இருந்தும் ஒன்று இல்லை. இலக்கணமாகச் சொன்னால் புரியும். லஞ்சத்துக்கு இரண்டு வினைகள் உண்டு: கொடுத்தான், வாங்கினான். ஊழலுக்கு ஒன்றுதான்: செய்தார். யாரிடமிருந்து, யாருக்கு என்ற வேற்றுமை அந்த வாக்கியத்தில் உட்கார இடமே கிடையாது. பறிகொடுத்தவன் வாக்கியத்துக்கு வெளியே நிற்கிறான். ரோமானியர்கள் இந்த இடத்தில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். மாகாண ஆளுநர்கள் குடிகளைச் சுரண்டியதை விசாரிக்க கி.மு. 149-இல் அவர்கள் ஒரு நிரந்தர நீதிமன்றம் அமைத்தார்கள். அந்தக் குற்றத்துக்கு வைத்த பெயர் கொர்ருப்தியோ இல்லை, 'ரெபெதுண்டே'. திருப்பிக் கேட்கப்பட வேண்டியவை என்று அர்த்தம். பெயரைச் சொன்னாலே பறிகொடுத்தவனின் குரல் கேட்கும். சிசிலியைச் சூறையாடிய வெர்ரெஸ் மேல் கி.மு. 70-இல் சிசரோ தொடுத்த வழக்கு இந்தப் பெயரில்தான். தேர்தலில் ஓட்டுக்குக் காசு கொடுப்பதை அவர்கள் 'அம்பிதுஸ்' என்றார்கள், சுற்றி வருவது. வீதி வீதியாகச் சுற்றி வந்தால்தானே கொடுக்க முடியும்? அந்த அடியிலிருந்து வந்த ஆங்கிலச் சொல் 'ஆம்பிஷன்' என்பது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உத்திரமேரூர் சபை இன்னொரு பக்கமாக யோசித்தது. பராந்தகன் காலத்து 919, 921 ஆண்டுக் கல்வெட்டுகளில் குடவோலைக்குத் தகுதியில்லாதவர்கள் பட்டியல் உண்டு. அதில், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர்களுக்கு இடமில்லை, அவர்களுடைய உறவினர்களுக்கும் இல்லை. வாங்கினான் என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை, கணக்கு வரவில்லை என்பதே போதும். ரோஜா நிறத் தண்ணீருக்கு அங்கே வேலையே கிடையாது.

கொடுக்கிறவனுக்கும் நம் சொற்களில் இடம் சொற்பம். லஞ்சம் வாங்குகிறவர் லஞ்சப் பேர்வழி. கொடுக்கிறவருக்கு அப்படிப் பட்டம் ஏதும் இல்லை. சட்டமும் 2018 வரை கொடுப்பதை உடந்தை என்ற கணக்கில்தான் வைத்திருந்தது. இப்போது 8-ஆம் பிரிவின்படி கொடுப்பதும் நேரடிக் குற்றம், ஏழு ஆண்டு வரை தண்டனை. கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளைக்குள் போலீசிடமோ விசாரணை அமைப்பிடமோ சொல்லிவிட்டால் தப்பலாம்.

போன வருஷம் ஒரு சான்றிதழுக்காக ஒரு அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தேன். மூன்றாம் முறை அங்கிருந்தவர் தாளைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "சார், பார்த்துச் செய்யுங்க" என்றார். என்னதான் சொல் ஆராய்ச்சி செய்தாலும் அந்த வாக்கியத்துக்கு ஒரே பொருள்தான் தெரிகிறது. ஐந்நூறு ரூபாய். அன்றே கையெழுத்தானது. வீட்டுக்கு வந்ததும் மனைவி, "எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டாள். "குடுத்தேன்" என்று சொல்ல வாய் வரவில்லை, "ஐந்நூறு ஆச்சு" என்றேன். ஏழு நாளும் அப்படியே போயிற்று. ராத்திரி செலவு நோட்டில் ஆட்டோ 120, ஜெராக்ஸ் 14 என்று எழுதி, அதற்குக் கீழே ஒரு நிமிஷம் பேனாவை வைத்திருந்துவிட்டு எழுதினேன்: இதர 500.